செகண்ட் ஹேண்ட் 350 வாங்கப் போறீங்களா? முதல்ல இன்ஜினைத் தொட்டுப் பாருங்க

(காட்சி: போர்டிகோவில் நிற்கும் கிளாசிக் 350. ஒரு கை இன்ஜின் ஃபின்கள் மேல் படிகிறது.)

பைக் பார்க்கக் கிளம்புறதுக்கு முன்னாடி விக்கிறவருக்கு போன் போட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க." சூடான இன்ஜின் நிறைய நோயை மறைச்சிடும். அதனால போய் இறங்கினதும் வண்டியோட அழகைப் பார்க்காதீங்க, இன்ஜின்ல கை வைங்க. வெதுவெதுன்னு இருந்தா, நாளைக்குக் காலைல வர்றேன்னு சொல்லிட்டுத் திரும்பிடுங்க.

இன்னைக்கு நாம எடுத்துக்கிட்டது ராயல் என்ஃபீல்டோட 350 வண்டிகள்: கிளாசிக், புல்லட், மீட்டியார், ஹன்ட்டர். சென்னைல தயாராகுற வண்டி, நம்ம ஊர் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல எங்க திரும்பினாலும் கிடைக்குது. ஹோண்டா சிபி350 பார்க்கிறவங்களுக்கும் இதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

(காட்சி: ஆர்.சி. அட்டை, சி.சி. எண்ணில் வட்டம்.)

விளம்பரத்துல "கிளாசிக் 350, 2021 மாடல்"னு போட்டிருந்தா உடனே ஆர்.சி.யைக் கேளுங்க. அந்த ஒரே வருஷத்துல ரெண்டு வேற வேற வண்டி வித்திருக்கு. பழசு 346 சி.சி.; அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் ஷாஃப்ட் அதுல கிடையாது. 2021 செப்டம்பர்ல வந்த புதுசு 349 சி.சி. அதுல இருக்கிறது 2020 நவம்பர்ல மீட்டியார் 350ல முதல்ல வந்த ஜே சீரிஸ் இன்ஜின், பேலன்சர் ஷாஃப்ட் உண்டு, ஃப்ரேமும் புதுசு. ஓட்டிப் பார்த்தா ரெண்டும் ஒரே பேர் வெச்ச ரெண்டு பைக்னு புரியும். ஆர்.சி.ல க்யூபிக் கெபாசிட்டி 346ஆ 349ஆன்னு பார்த்தா பேச்சு முடிஞ்சது.

அதே ஆர்.சி.ல தயாரிப்பு மாசத்தையும் குறிச்சுக்கோங்க. 2020 டிசம்பர்லேர்ந்து 2021 ஏப்ரலுக்குள்ள தயாரான மீட்டியார், கிளாசிக், புல்லட் வண்டிகள்ல இக்னிஷன் காயில் கோளாறுக்காக கம்பெனியே ரீகால் (வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச் சரி பண்றது) அறிவிச்சது. அப்புறம் 2021 செப்டம்பர் 1லேர்ந்து டிசம்பர் 5க்குள்ள தயாரான, பின்னாடி டிரம் பிரேக் உள்ள சிங்கிள் சேனல் ஏ.பி.எஸ். (முன் சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ்.) கிளாசிக்ல, பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம்ல இருக்கிற பிரேக் ரியாக்‌ஷன் பிராக்கெட்டுக்காக இன்னொரு ரீகால். உங்க வண்டி இந்தத் தேதிகளுக்குள்ள வந்தா, சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டர்ல வேலை முடிஞ்சிருக்கான்னு கேளுங்க. ரீகால் வந்த வண்டின்னு ஒதுக்க வேண்டாம். வேலை செஞ்சிருந்தா சரி, செய்யலைன்னா செய்ய வெச்சிட்டுப் பணம் பேசுங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா: சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். வண்டி மேல லோன் இருந்தா, அது முடிஞ்சதுக்கு பேங்க்கோட என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லைங்கிற கடிதம்), ஃபார்ம் 35. பேர் மாத்த ஃபார்ம் 29, 30. கட்டாத இ-சலான் இருக்கான்னு நம்பரைப் போட்டுப் பாருங்க. அவ்வளவுதான்.

(காட்சி: ஹெட்லைட் கழற்றப்படுகிறது, டார்ச் வெளிச்சம்.)

இப்ப வண்டிக்கு வருவோம். இன்னும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. சென்னையிலயோ தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமோ இருந்த வண்டின்னா, 2023 டிசம்பர்ல அது எங்க நின்னுச்சுங்கிறது பெரிய கேள்வி. மிக்ஜாம் புயல் தண்ணியும், அதுக்கடுத்த ரெண்டு வாரத்துல தெற்குல வந்த வெள்ளமும் ஏகப்பட்ட வண்டிகளை மூழ்கடிச்சது. வாட்டர் வாஷ் பண்ணி பாலிஷ் போட்டா வெளியில ஒண்ணும் தெரியாது. கழுவ முடியாத இடங்களைப் பாருங்க. ஏர் ஃபில்டர் பாக்ஸைத் திறந்தா உள்சுவர்ல கோடு போட்ட மாதிரி வண்டல் படிஞ்சிருக்கும். ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ள, சீட்டுக்கடியில வயரிங் கனெக்டர் இடுக்குல மண் இருக்கும். கனெக்டர் ஒண்ணைக் கழட்டிப் பார்த்தா பின்கள்ல பச்சைப் பூச்சு. இது இருந்தா விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம். இன்ஜினைச் சரி பண்ணிடலாம்; எப்போ எங்க கட் ஆகும்னு தெரியாத வயரிங் பின்னாடி ஓடி மாளாது.

அடுத்தது, விழுந்த தழும்பு. லெக் கார்டு புதுசா பளபளன்னு இருந்து வண்டி மட்டும் மங்கலா இருந்தா, ஏன் மாத்தினாங்கன்னு கேளுங்க. பிரேக், கிளட்ச் லீவர் முனை, ஃபுட் ரெஸ்ட் நுனி, சைலன்சர் ஓரம்னு உரசல் இருக்கான்னு பாருங்க. நின்ன இடத்துல சாஞ்ச வண்டிக்கும் இந்த உரசல் இருக்கும், அது பரவாயில்லை. பயப்பட வேண்டியது ஹேண்டில்பார் முழுசா திரும்பும்போது முட்டுற ஸ்டாப்பர்தான். அது நசுங்கியிருந்தாலோ, பக்கத்துல பெயின்ட் வெடிச்சிருந்தாலோ முன்பக்கம் பலமா வாங்கின அடி.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருத்தரைப் பின்னாடி அமுக்கச் சொல்லி, முன் சக்கரத்தைத் தூக்குங்க. ஹேண்டிலை ஒரு விரலால மெதுவா இடம் வலம் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல 'டக்'னு ஒரு பள்ளத்துல உட்கார்ற மாதிரி இருந்தா, கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) போச்சு. அப்படியே ஃபோர்க்கோட அடிப்பகுதியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா கோன் செட் லூஸ், டைட் வெச்சும் நிக்கலைன்னா மாத்தணும். பின் சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டினா, வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ் ரெண்டுல எது தேய்ஞ்சிருந்தாலும் ஆட்டம் தெரியும்.

செயினை ஸ்ப்ராக்கெட்டோட பின்கோடி பல்லுல பிடிச்சு வெளியே இழுங்க. பாதிப் பல் வெளியே தெரிஞ்சா செட்டையே மாத்தணும். டயர்ல கடைசி நாலு எண்: 2319ன்னா 2019ஆம் வருஷத்தோட 23ஆவது வாரம். பட்டன் (தரையில படுற வெட்டு) நல்லா இருந்தும் ஓரத்துல வெடிப்பு விட்டிருந்தா அந்த டயர் முடிஞ்ச கதை. மீட்டர்ல 12,000 கி.மீ. காட்டி, ஃபுட் ரெஸ்ட் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருந்தா மீட்டரை நம்பாதீங்க, ரப்பரை நம்புங்க. சர்வீஸ் புக்ல ஒவ்வொரு சர்வீஸுக்கும் எழுதியிருக்கிற கி.மீ. வரிசையா ஏறுதான்னும் பாருங்க.

(காட்சி: இக்னிஷன் ஆன். ஒலி மட்டும்.)

இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் பத்து செகண்ட் யாரும் பேசக்கூடாது. செல்ஃப் இழுக்கும்போது திணறினா பேட்டரி; மல்டிமீட்டர் இருந்தா, ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், ஓடும்போது ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் கொடுத்தா 13.5லேர்ந்து 14.5. சார்ஜிங் சரியா இருந்தும் பேட்டரி இறங்கினா, ஃபாக் லைட்டும் மொபைல் சார்ஜரும் எப்படி வயர் போட்டிருக்காங்கன்னு தேடுங்க. ரிலே (கரன்ட்டைத் தனியா ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச்) இல்லாம நேரா ஒட்டு போட்ட வயர்தான் பாதி நேரம் குற்றவாளி.

குளிர்ல வெள்ளைப் புகை வந்து மறைஞ்சா அது நீராவி, விடுங்க. நீலமா வந்து நிக்காம இருந்தா ஆயில் எரியுது. ஒரே தாளத்துல 'டிக் டிக்'னு கேட்கிற டாப்பெட் (வால்வு பக்கத்து) சத்தம் இந்த இன்ஜின்ல சகஜம். ஸ்டார்ட் ஆனதும் 'கரகர'ன்னு உலோகம் உரசி, சூடானாலும் நிக்கலைன்னா இன்ஜினுக்குள்ள இருக்கிற கேம் செயின், அதை இறுக்கி வைக்கிற டென்ஷனர் பக்கம் சந்தேகம் வரணும். மெக்கானிக் காது தேவைப்படுற இடம் இது. சைலன்சர் மாத்தி 'டப் டப்'னு வெடிக்கிற வண்டின்னா ஒரிஜினல் சைலன்சரைக் கேட்டு வாங்குங்க. சத்தத்துல மத்த எதுவும் கேட்காதுங்கிறது ஒண்ணு, போலீஸ் பிடிக்கிறது இன்னொண்ணு.

(காட்சி: ஜி.எஸ்.டி. ரோடு, ஓடும் வண்டியின் கண்ணாடியில் பின்னால் வரும் கார்.)

இனி சொகுசு. தெருவைச் சுத்தி வர்ற பத்து நிமிஷ ரவுண்டுல எந்த சீட்டும் நல்லாத்தான் இருக்கும். உடம்பு முனகுறது நாப்பதாவது நிமிஷத்துல. பெட்ரோலுக்கு நீங்களே பணம் கொடுங்க, லைசென்ஸை அவர்கிட்ட காட்டுங்க, அரை மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கேளுங்க. பத்து நிமிஷம் டிராஃபிக், மீதி ஹைவே, நடுவுல ஒரு குண்டும் குழியுமான ரோடு.

அதுக்கு முன்னாடி டயர்ல காத்து பாருங்க. காத்து அதிகமா இருந்தா எந்த சஸ்பென்ஷனும் கட்டைதான். பின் ஷாக் அப்சார்பரோட பிரீலோடையும் (ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கியிருக்குங்கிறது) பாருங்க. கிளாசிக்ல ஆறு படி இருக்கு. விக்கிறவர் எப்பவும் டபுள்ஸ் போறவரா இருந்தா மேல் படில வெச்சிருப்பார். நீங்க ஒருத்தரா ஓட்டினா இடுப்பு துள்ளும். கீழ் படிக்கு இறக்கிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

எடையைச் சோதிக்க கால் தரையில படுதான்னு மட்டும் பார்த்தா போதாது. லேசான சரிவுல முன்பக்கம் கீழே இருக்கிற மாதிரி நிறுத்தி, சீட்ல உட்கார்ந்தபடியே பின்னாடி தள்ளுங்க. கிளாசிக் 195 கிலோ, சீட் உயரம் 805 மி.மீ. மீட்டியார் 191 கிலோ, 765 மி.மீ. ஹன்ட்டர் 181 கிலோ, 790 மி.மீ. உங்க அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல தினம் ரெண்டு தடவை நடக்கப்போற கூத்து இது.

மீட்டியார்ல சீட் தாழ்வுதான், ஆனா ஃபுட் ரெஸ்ட் முன்னாடி தள்ளி இருக்கு. ஸ்பீடு பிரேக்கர்ல காலை ஊனி உடம்பைத் தூக்க முடியாது, அடி நேரா முதுகெலும்புக்குப் போகும். ஏற்கெனவே இடுப்பு வலி இருக்கிறவங்க இதை ஓட்டிப் பார்க்காம வாங்க வேண்டாம். ஹன்ட்டர் சிட்டில வளைஞ்சு நெளிஞ்சு போகும், ஆனா 2022ல வந்த முதல் வண்டிகள்ல பின் சஸ்பென்ஷன் கட்டை. 2025ல கம்பெனியே ஸ்பிரிங்கை மாத்தினாங்க. நீண்ட தூரத்துக்கு, நிமிர்ந்து உட்கார வைக்கிற கிளாசிக்குக்குத்தான் எங்க ஓட்டு.

ஹைவேல 80ல போங்க, 90க்கு ஏத்துங்க. கண்ணாடில பின்னாடி வர்ற காரோட நம்பர் பிளேட் படிக்க முடியணும். ஜே சீரிஸ் 90 வரைக்கும் அமைதியா வரும்; 100க்கு மேல ஃபுட் ரெஸ்ட்ல கூச்சம் தெரியுறது அதோட சுபாவம். 20 குதிரைத் திறன் சொச்சம் உள்ள இன்ஜின்கிட்ட அதுக்கு மேல கேட்கக்கூடாது. 60லயே கை மரத்துப்போனா அது சுபாவம் இல்ல. இன்ஜின் மவுன்ட் போல்ட் லூஸ், அளவுக்கு மீறி இறுக்கின செயின், வளைஞ்ச ஹேண்டில்பார்னு காரணம் தேடணும்.

கிளட்ச்சுக்கு: அஞ்சாவது கியர்ல 50ல போய் ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்குங்க. கிளாசிக்ல ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். சத்தம் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் பிளேட் வழுக்குது.

திரும்பி வரும்போது எங்க வலிக்குதுன்னு கவனிங்க. வால் எலும்புல வலின்னா ஃபோம் அமுங்கிப் போச்சு. சீட் தைக்கிறவர் சரி பண்ணிடுவார். மணிக்கட்டுன்னா லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பி வெச்சாலே போகும். முட்டி மடங்குற கோணமும் எடையும் எந்தக் கடையிலயும் மாத்த முடியாது. வீட்ல பின்னாடி உட்காரப் போறவங்களையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. அவங்க முகத்தைப் பார்த்தா சீட்டோட பின்பாதி எப்படின்னு தெரிஞ்சிடும்.

(காட்சி: நிறுத்திய வண்டி. அடியில் வெள்ளை அட்டை.)

வந்ததும் இன்ஜினை ஆஃப் பண்ணி, அடியில ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுட்டு விலையைப் பேச ஆரம்பிங்க. பத்து நிமிஷம் கழிச்சு அந்த சூட்டோட மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரே அமுக்குல எடுக்கணும். அப்புறம் வண்டியை நகர்த்திட்டு அட்டையை எடுத்துப் பாருங்க. ஒரு சொட்டு ஆயில் இருந்தாலும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அந்த வேலைக்கு ஆகுற செலவையும் கழிச்சு அட்வான்ஸ் கொடுங்க.