சோறு போன இடத்தில் என்ன வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "எனக்குச் சோறு வேண்டாம், நான் கீட்டோ" என்று சொல்லும் ஒருவரையாவது பார்க்கலாம். சோற்றைத் தாண்டிப் போகிறவர், அடுத்த தட்டில் இருக்கும் டெவல் சிக்கனில் இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொள்வார். அந்தச் சிக்கனைப் பெரும்பாலும் சோள மாவில் பிரட்டிப் பொரித்திருப்பார்கள். மேலே ஊற்றிய சோஸில் சீனி இருக்கும். நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த இரண்டு கரண்டியைப் பற்றி.

கீட்டோ என்றால், ஒரு நாளைக்குச் சாப்பிடும் மாப்பொருளை, அதாவது சீனியும் சேர்ந்த கார்போஹைட்ரேட்டை, 50 கிராமுக்குள், கடுமையாகச் செய்பவர்கள் 20 கிராமுக்குள் அடக்குவது. அப்போது இன்சுலின் இறங்கும். ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கும். மூளைகூட அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள். மத்தியானம் நாங்கள் பீங்கானில் போடுவது 100 கிராமா? ஆகவே சோறு இந்தக் கணக்குக்குள் அடங்காது என்பது சரிதான். சோறு போன இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பதைத்தான் ஒருவரும் யோசிப்பதில்லை.

இது மெலிவதற்காகத் தொடங்கிய முறையும் இல்லை. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக முன்வைத்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாப்பொருளும் சேர்த்தே 1 கிராம் என்று தராசில் நிறுத்து, மருத்துவர் கண்காணிப்பில் செய்வது. வெறும் இறைச்சியாகச் சாப்பிடுவதுதான் கீட்டோ என்ற எண்ணம் எப்படி வந்ததோ, அந்தக் கணக்கில் இறைச்சிக்கு உள்ள இடம் சின்னது.

முதல் கிழமையிலேயே இரண்டு கிலோ குறைந்ததாகச் சந்தோஷப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாப்பொருள், தன்னைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது செலவாகும்போது தண்ணீரும் போய்விடும். கூடவே உப்பும் போவதால் தலையிடி, களைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வரும். கொழுப்பு கரைவது அதற்குப் பிறகு, ஆறுதலாக.

சரி, சொசேஜஸுக்கு வருவோம். காலையில் பாணை விட்டவர்கள் கூடுதலாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது கூட இருக்கிறதோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். கோழி இறைச்சி என்று தொடங்கும், அடுத்ததாகவே தண்ணீர் வரும், பிறகு ஸ்டார்ச், சோயாப் புரதம், உப்பு, சீனி, கடைசியில் இறைச்சி பழுதாகாமல் இருக்கப் போடும் நைட்ரைட். ஸ்டார்ச் என்றால் மாப்பொருள்தானே! வாசலால் அனுப்பியதை ஜன்னலால் கூப்பிட்ட மாதிரி. மாப்பொருள் குறைந்த சொசேஜஸும் கிடைக்கும்தான். ஆனாலும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் வகைப்படுத்தியிருக்கிறது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்களுடைய கணிப்பு. மாப்பொருள் எத்தனை கிராம் என்று மட்டும் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படாது. பதப்படுத்திய இறைச்சியை நம்பி எடை குறைப்பதைவிட, அளவாகச் சோறு சாப்பிட்டுவிட்டு நடக்கப் போவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு பக்கம், "சத்தான சாமான், அதனால் கீட்டோ" என்று நினைக்கிறவர்கள். குரக்கன் மா நல்ல சாமான்தான், நாரும் கல்சியமும் உண்டு. ஆனால் 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாப்பொருள். ஒடியல் மாவும் மாப்பொருள்தான்; யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அனுப்பினாள் என்பதற்காக அது மாறாது. கித்துள் பாணி சீனி இல்லையாம்! ஒரு மேசைக்கரண்டியில் பத்துக் கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. பட்டர் ஃப்ரூட் இதற்கு மிகவும் பொருத்தமான பழம், ஆனால் நாங்கள் அதைச் சீனியும் ரின்பாலும் போட்டு அடித்து ஜூஸாகக் குடித்துத்தான் பழகியிருக்கிறோம். போத்தல் பானங்களில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒட்டுகிறார்களே, அதுவும் சீனியின் அளவைத்தான் காட்டுகிறது. "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டிலும் சீனி இல்லாமலிருக்கலாம், கோதுமை மா எங்கே போகும்?

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். தாளிக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தேநீரில் இரண்டு கரண்டி ஊற்றிக் குடிப்பது வேறு கதை. எந்த எண்ணெய் என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் இருந்தது பெரிய செய்தியானது ஞாபகமிருக்கும். அது பூஞ்சணம் பிடித்த கொப்பறாவிலும் கச்சானிலும் உண்டாகும் நஞ்சு, ஈரலைத் தாக்கும். கொழுப்பையே முக்கிய உணவாக்கப் போகிறவர், அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று மற்றவர்களைவிடக் கூடுதலாகவே விசாரிக்க வேண்டும்.

சாப்பிட என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். வெள்ளவத்தை மார்க்கெட்டில் ஒரு சுற்று வாருங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், புடலங்காய், பாகற்காய், கோவா. கோவாவைச் சின்னதாக அரிந்து கடுகு தாளித்து வதக்கினால், விலை கூடிய கோலிஃபிளவர் சோறு தேவையே இல்லை. சாளை மீனில் குழம்பு வையுங்கள், புளியைக் கொஞ்சம் குறைத்து. முட்டை, சம்பல், சொதி எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பாதாம் மாவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாம்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இன்சுலின் போடுபவர், கிளிக்ளசைட் போன்ற குளிசை எடுப்பவர் திடீரென்று மாப்பொருளை நிறுத்தினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதற்கு முன் டொக்டரிடம் பேசி மருந்தின் அளவை மாற்ற வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அந்த மருந்தோடு கீட்டோவும் சேர்ந்தால், இரத்தத்தில் சீனி அவ்வளவு கூடாமலே கீட்டோன் அளவு மீறி இரத்தம் அமிலமாகலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால், மீட்டரில் சீனி சரியாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போய் என்ன குளிசை எடுக்கிறீர்கள், என்ன சாப்பாட்டு முறையில் இருக்கிறீர்கள் என்று இரண்டையும் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.