அழகரே வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார்

(மதுரையில் எங்கள் தெருப் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: உடல்நலத்துக்கு ஏற்றது வீதியில் ஓடும் சைக்கிளா, வீட்டில் நிற்கும் சைக்கிளா? நிற்கும் சைக்கிளின் பக்கம் நான் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கிற தம்பியே, தங்கையே, நாற்காலி கிடைக்காமல் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சைக்கிளை எடுத்தால் அழகர்கோவில் போய்த்தான் கால் ஊன்றுவாராம். போக 21 கிலோமீட்டர், வர 21 கிலோமீட்டர். அந்தத் தெம்பில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நின்ற இடத்திலேயே மிதிக்கிறீர்களே அக்கா, எங்கே போய்ச் சேர்வீர்கள்?" நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். சரி தம்பி, நீங்கள் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள்? 42 கிலோமீட்டர் மிதித்து, கிளம்பின அதே வாசலில்தானே வந்து இறங்கினீர்கள்? அழகரே வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த ரோட்டில் வந்துபோகிறார். அதுவும் அவர் மிதித்து வருவதில்லை, தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொரு வார்த்தை சொன்னார். செக்குமாடாம். எங்களைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன் ஐயா, மாட்டைச் சொன்னால் பொறுக்க மாட்டேன். அந்த மாடு சுற்றின இடத்திலேயே சுற்றியதால்தான் ஊருக்கு நல்லெண்ணெய் கிடைத்தது. மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே புது மண்டபத்தில் வரிசையாகத் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் மிதித்த மிதிக்கு எந்த மெஷின் ஓர் அடி நகர்ந்தது? மதுரைப் பிள்ளைகள் பாதிப் பேருக்குத் திருவிழாச் சட்டை அங்கேதான் தைத்தது. சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வருவார், ஞாபகம் இருக்கிறதா? சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார், ஏறி உட்கார்ந்து மிதிப்பார், கல் சுற்றும், அரிவாள்மனையில் பொறி பறக்கும். நான் முதன்முதலில் பார்த்த நிற்கும் சைக்கிள் அதுதான்.

வயசிலும் நாங்கள்தான் மூத்தவர்கள். லண்டனில் பிரான்சிஸ் லோண்டஸ் என்பவர் 1796-இலேயே ஜிம்னாஸ்டிகான் என்று ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கையால் சுற்றலாம், காலால் மிதிக்கலாம், இருந்த இடத்தை விட்டு அசையாது. ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் இரண்டு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டியது 1817-இல். அதற்குப் பெடல்கூடக் கிடையாது, தரையை உந்தி உந்தித்தான் போக வேண்டும். பெடல் வந்தது 1860-களில். ஆக தம்பி, உங்கள் சைக்கிளுக்கு எங்கள் சைக்கிள் அண்ணன். பேசும்போது கொஞ்சம் மரியாதை இருக்கட்டும்.

விண்வெளி நிலையத்திலும் எங்கள் சைக்கிள்தான் இருக்கிறது. அதற்குச் சீட்டே கிடையாது. உடம்புக்கு எடையே தெரியாத இடத்தில் சீட்டு எதற்கு? ஷூவைப் பெடலில் மாட்டிக்கொண்டு மிதிப்பார்கள். அந்த நிலையம் பூமியைச் சுற்றி வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் நின்ற இடத்தில் மிதித்தால் உலகத்தையே சுற்றி வந்தாயிற்று. உங்களுக்கு அழகர்கோவில்தான்.

சிரித்தது போதும். எதிரணித் தங்கை ஒரு விஷயம் சொன்னார், அதற்குச் சிரிக்காமல்தான் பதில் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அவர்களை அறைக்குள் உட்கார்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அந்தப் பெண்களைக் கும்பிடுகிறேன். ஆனால் தங்கை, அவர்கள் உடம்பு இளைக்கவா மிதித்தார்கள்? தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். வேலைக்குப் போனார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்துக்குப் போனார்கள். அது வண்டி. அந்த வண்டிக்கு மாற்று வேறு எதுவும் இல்லை, என் சைக்கிளும் இல்லை. இன்றைக்குத் தலைப்பு உடல்நலம் ஐயா. பயணம் இல்லை.

நானும் ரோட்டு சைக்கிளில் வந்தவள்தான். வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடலில் பழகி, முட்டி தேய்ந்து, பிறகு செல்லூரிலிருந்து கல்பாலத்தில் ஆற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனேன். கல்யாணத்தோடு சைக்கிள் என் கூடப்பிறந்த தம்பிக்குப் போய்விட்டது. ஐம்பது வயதில் டாக்டர், "சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பை அசையுங்கள்" என்றார். ஆசையாக ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினோம். காலை ஐந்து மணிக்கு முதல் நாள் இறங்கினேன். தெருமுனையில் நான்கு நாய்கள். இரண்டாம் நாள், பின்னாலேயே வந்து ஹாரன் அடித்துவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்துப்போன இரண்டு பையன்கள். மூன்றாம் நாள், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. விழுந்தேன். முட்டி வீங்கி ஒரு மாதம் மாடிப்படி ஏறவில்லை.

சமாளித்திருக்கலாம் என்பார்கள். சமாளிக்கிற வயசிருந்தால் சமாளித்திருப்பேன். நல்ல ரோடு, பயமில்லாத நேரம், விழுந்தால் எழுந்துகொள்கிற எலும்பு, இதெல்லாம் வாய்த்தவர்களுக்கு வீதி சைக்கிளைப் போல ஒன்று கிடையாது. வாய்க்காதவர்கள் என்ன செய்வது? சும்மா உட்காருவதா?

வலி குறைந்த பிறகு முட்டி வைத்தியம் செய்தவரே சொன்னார், "வீட்டில் நிற்கிற சைக்கிளை மிதியுங்கள், கனம் வைக்காமல் ஆரம்பியுங்கள்." பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கிற மாதிரி சீட்டை உயர்த்தி வைத்துக் கொடுத்தார். உள்ளே கனமான ஒரு சக்கரம், பக்கத்தில் காந்தம். திருகைத் திருப்பினால் காந்தம் கிட்டே வந்து, தொடாமலே சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், மிதிப்பது கனமாகும். இன்னும் திருப்பினால் அழகர்கோவிலுக்கு மேலே மலையில் இருக்கிற பழமுதிர்சோலைக்கே ஏறுகிற கனம். தம்பி அடிவாரத்தோடு திரும்பிவிடுகிறார், நான் மேலே போய்விடுகிறேன். கோரிப்பாளையம் சிக்னல் கிடையாது, இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருள்வது கிடையாது. இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடமும் மிதிதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அந்தக் கணக்கை நான் தவறவிடாமல் முடிப்பது மின்விசிறிக்குக் கீழேதான்.

குறையே இல்லையா? இருக்கிறது. காற்று முகத்தில் அடிக்காது, அதனால் வியர்த்து ஊற்றும். விழாமல் ஓட்டுகிற பழக்கம் வராது. அதன் பெட்டியில் காட்டுகிற கலோரிக் கணக்கை நம்பி இரண்டு வடை கூடத் தின்றால் நஷ்டம் நமக்குத்தான். எதிரணி மூன்று தடவை சொல்லிச் சிரித்த அந்தத் துணி விவகாரத்தையும் ஒத்துக்கொள்கிறேன். வாங்கிய முதல் மூன்று மாதம் என் சைக்கிளில் துண்டும் பாவாடையும்தான் காய்ந்தன. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தத் தெருவில் எத்தனை வீட்டு மாடிப்படிக்குக் கீழே, டயரில் காற்று இறங்கி, செயின் துருப்பிடித்து, ஓடுகிற சைக்கிள்கள் நிற்கின்றன? உங்கள் சோம்பேறித்தனம் படிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எங்களுடையது நடுக்கூடத்தில் இருப்பதால் வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடுகிறது.

அந்தத் துணியை எடுக்க வைத்தவர் என் மாமியார். படுக்கையை விட்டு அதிகம் எழ முடியாது. அவரைத் தனியே விட்டு அரைமணி நேரம்கூட நான் வெளியே போக முடியாது. அதனால் சைக்கிளை அவர் அறைக்கே, ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டேன். முதல் நாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது எப்பத்தா நகரும்?" என்றார். மறுநாள் நான் மிதித்து இறங்கியதும், "எங்க போயிட்டு வந்த?" என்றார். கிண்டலா, மறதியா என்று எனக்குத் தெரியவில்லை. "திருப்பரங்குன்றம் வரைக்கும் அத்தே" என்றேன். "கூட்டமா?" என்றார். அன்றிலிருந்து தினமும் ஓர் ஊர். நாகமலை போனேன், யானைமலை போனேன், அவர் பிறந்த அலங்காநல்லூருக்குப் பல தடவை போனேன். அவர் கேட்பார் என்பதற்காகவே ஒரு நாளும் விடாமல் ஏறி உட்காருகிறேன்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார், முடித்துவிடுகிறேன். இன்றைக்குக் காலையில் சோழவந்தான் போய்வந்தேன் என்று சொன்னேன். "வெத்தல வாங்கிட்டு வந்தியா?" என்று கையை நீட்டினார்.

அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. எதிரணித் தம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனால் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிவரட்டும். காசு நான் கொடுத்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.