கவ்வாத்துக்கு முன்னால் வேரைப் பார்ப்பார்கள்

(மாசி மாதத்தில், இலங்கை மலையகத்தின் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டக் கோயில் மண்டபத்தில் பேசியது)

அம்மாமாரே, அய்யாமாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியிருக்கிற நேரத்தில் கூப்பிட்டிருக்கிறீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொரு வருசமும் காமன் எரிகிறான், ரதி அழுகிறாள், அவளோடு சேர்ந்து நம் வீட்டுப் பெண்களும் அழுகிறார்கள். காமன் திரும்ப எழும்புவான் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஆனாலும் அந்த அழுகையில் ஒரு துளி பொய் கிடையாது. நம்பிக்கை இருக்கிறவர்கள் அழக் கூடாது என்று யார் சொன்னது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் இழப்பு அதிகம். சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் இந்த மண்டபத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் வந்து "சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு அழுகைய நிறுத்துங்க" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை. அழுது தீருங்கள். ரதிக்கு அதற்கு இடம் கொடுத்த சனம்தானே நாம்.

நம் மலையில் காலம் எப்போதுமே ஒரே மாதிரி நின்றதில்லை. ஆனி ஆடியில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டித் தீர்க்கும், அதே நேரம் மலைக்கு இந்தப் பக்கம் ஊவாவில் வறண்ட காற்றுதான் அடிக்கும். மார்கழியில் அது அப்படியே மாறி, வடகீழ் மழை பதுளைப் பக்கம் வந்து நிற்கும். ஆடி ஆவணிக் காற்றில் கொழுந்து மெதுவாகத்தான் வளரும், அந்தத் தேயிலைக்குத்தான் உலகமெல்லாம் பேர் பெற்ற ஊவா வாசனை வரும். இதைச் சொல்லி, கஷ்டப்பட்டால் மனிதனும் மணப்பான் என்று பேசுகிற மேடைகள் உண்டு, நான் அப்படிப் பேச மாட்டேன், ஏனென்றால் கொழுந்து குறைந்த நாட்களில் கூடையில் கிலோ குறைந்து சம்பளமும் குறைவது யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குத் தைரியம் தருவது வேறொன்று. தேயிலைச் செடியின் கிளைகளைக் கட்டையாக வெட்டிவிடுவதுதானே கவ்வாத்து, கவ்வாத்து வெட்டிய மலையைப் புதிதாகப் பார்க்கிறவன் திகைத்துப் போவான், பச்சை ஒன்றும் இருக்காது, பாசி பிடித்த கட்டைகள் மட்டும் வரிசையாக நிற்கும். மூன்று, நான்கு, ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை இது நடக்கிறது. ஆனால் கத்தி வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பென்சில் கனத்து வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, குறுக்கே நறுக்கி, அந்த முகத்தில் அயடீன் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாப்பொருள் இருக்கிறது, செடி வெட்டைத் தாங்கும். நிறம் மாறவில்லை என்றால் கொஞ்ச நாள் கொழுந்து எடுக்காமல் செடியை ஓய்வாக விட வேண்டும், அவசரப்பட்டு வெட்டினால் பட்டுப்போகும்.

அந்த மாப்பொருள் வெட்டு விழுகிற அன்றைக்கு வந்ததில்லை. இலை தளதளவென்று நின்ற காலத்தில், வெயிலைக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குள் சேர்த்தது. வெள்ளிக்கிழமை விளக்கு, பஜனை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, தொழுகை, எதுவானாலும் சரி, நன்றாக இருக்கிற நாளில் செய்கிறீர்களே, அது எங்கேயும் போய்விடவில்லை. அப்புறம், இப்போது வேர் காலியாகிப் போனவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். கோயில் வரி, கமிட்டி வேலை, ஆறுதலான ஒரு சிரிப்பு, எதையும் அவர்களிடம் இந்த வருசம் கேட்காதீர்கள். ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

நம் பாட்டன் பூட்டன்மார் கத்திக்கும் ஒரு சாமி வைத்தார்கள், கவ்வாத்துச்சாமி. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஓடுகிற சக்கரத்துக்கு ரோதமுனி. 1869இல் கோப்பிச் செடியில் இலை நோய் விழுந்து அந்தப் பயிரே அழிந்தபோதும் இந்த மலையில் கிடந்தவர்கள் அவர்கள், 1948இல் குடியுரிமை பறிபோனதும் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான். கும்பிட்டார்கள், சங்கம் கட்டினார்கள், கேட்டார்கள், குடியுரிமை கொடுத்த 2003 சட்டம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதனால்தான் மண்சரிவைச் "சாமி குத்தம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள், நம் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள், மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று பல வருசம் முன்னாலேயே எச்சரிக்கை இருந்தது. லயத்தை எந்தச் சரிவில் கட்டுவது என்று மாரியம்மன் தீர்மானிக்கவில்லை. மழை என்பது காலத்தின் வேலை, அதைத் தாங்கலாம். பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கிடைக்காதது மனிதர்களின் வேலை, அதைத் தாங்கிக்கொள்ளச் சொல்லிச் சாமி பேரை இழுக்காதீர்கள்.

மண்சரிவு எச்சரிக்கை விடுகிற கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் தயாராக இருக்க வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்கிற மரம், புதிதாகக் கிளம்புகிற ஊற்று, திடீரென்று கலங்குகிற தண்ணீர், இதில் ஒன்றைக் கண்டாலும் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

சித்திரையில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும். லயத்துக்கு மேலே இருக்கிற தண்ணீர்க் கான் முழுக்க மண் அடைத்துக் கிடக்கிறது, வரும்போது பார்த்தேன். கோயில் தலைவரிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அங்கே போகிறோம். மண்வெட்டி இருக்கிறவர்கள் கையோடு கொண்டு வாருங்கள்.