டேஸ் ஆஃப் தண்டர்: குறை சொல்லிக்கொண்டே ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்?

(திரையில்: ஓவல் டிராக்கில் சீறிப் பாயும் கார்கள். சத்தம் மெல்ல அடங்க, குரல் தொடங்குகிறது.)

வணக்கம். 2025-ல் எஃப்1 படம் வந்தபோது அதைத் தியேட்டரில் பார்த்துவிட்டு, இதே மாதிரி வேறு ரேஸ் படம் இருக்கிறதா என்று தேடிப்போன பலர் கடைசியில் வந்து நின்ற இடம் டேஸ் ஆஃப் தண்டர். 1990-ல் வந்த படம், டோனி ஸ்காட் இயக்கியது, டாம் க்ரூஸ் நடித்தது. எஃப்1 படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜெர்ரி பிரக்கைமர் இதையும் தயாரித்தவர், இசையமைத்த ஹான்ஸ் ஸிம்மர்தான் இதற்கும் இசை. ஆனால் இது ஃபார்முலா 1 கிடையாது, ஸ்டாக் கார் ரேஸ். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிறந்து வளர்ந்த நாஸ்கார்.

இந்தப் படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, "ரேஸே தெரியாதவன் எடுத்த படம்." இல்லையென்றால், "பத்துத் தடவை பார்த்திருக்கிறேன்." எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இந்த இரண்டையும் ஒரே ஆள் சொல்வார். நானும் சொல்வேன்.

முதலில் குறைகளைப் பேசிவிடலாம், அவை நியாயமானவை.

(திரையில்: டேட்டோனா டிராக்கின் வான்காட்சி.)

இது டேட்டோனா. ஒரு சுற்று இரண்டரை மைல், அதாவது சுமார் 4 கிலோமீட்டர். வளைவுகளில் தார்ச்சாலை 31 டிகிரி சாய்ந்து நிற்கும், நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். 1987-ல் டாலடேகா என்ற இன்னொரு டிராக்கில் டிரைவர் பாபி அலிசனின் கார் பறந்துபோய் வேலியில் மோதியது. அதற்கடுத்த வருஷத்திலிருந்து இந்த இரண்டு டிராக்குகளிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கத் துளையிட்ட ஒரு தகட்டைப் பொருத்தினார்கள். எஞ்சினின் சக்தி குறைந்துவிட்டதால் டிரைவர் சுற்று முழுக்க ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தியபடியேதான் ஓட்டவேண்டும். படத்தில் என்ன நடக்கிறது? ஹீரோ கடைசி நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கியர் மாற்றி இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார், வண்டி பிய்த்துக்கொண்டு போகிறது. ஏற்கெனவே தரையைத் தொட்ட பெடலை இன்னும் எங்கே அழுத்துவது? அப்புறம் கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வது. மணிக்கு 300 கிலோமீட்டரில் சுற்றுக்கு நாலு தடவை இடித்தால் ரேஸ் முடியுமுன்னே பாதி வண்டிகள் சுவரில் இருக்கும்.

சரி, இவ்வளவு தப்பு இருந்தும் ரேஸ் தெரிந்தவர்கள் ஏன் விடாமல் பார்க்கிறார்கள்? என் பதில், ஒரு ராத்திரியில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு சின்னக் காட்சி.

டாம் க்ரூஸ் நடித்த கோல் டிரிக்கிள் வேகமாக ஓட்டத் தெரிந்த இளைஞன். அவனுடைய குரூ சீஃப், அதாவது காரைக் கட்டி, ரேஸின்போது ரேடியோவில் வழிநடத்துகிறவர், ஹாரி ஹாக். ராபர்ட் டுவால் நடித்திருக்கிறார், நடித்திருக்கிறார் என்றே தோன்றாது. எத்தனை ரேஸ் ஓடினாலும் எஞ்சின் போகிறது, டயர் போகிறது, வண்டி சுவரில் போகிறது. வண்டி எப்படிப் போகிறது என்று சொல், நான் சரிசெய்கிறேன் என்று ஹாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பையன் மழுப்புகிறான். கடைசியில் அந்த ராத்திரி உடைந்துபோய் ஒப்புக்கொள்கிறான்: எனக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியாது, உட்கார்ந்து ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன், நீங்கள் பேசும் வார்த்தைகளே எனக்குத் தெரியாது.

இந்த இடம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது புரிய, அந்தக் காலத்து ஸ்டாக் காருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும்.

(திரையில்: காரின் உட்புறம். ஒற்றை இருக்கை, இரும்புக் கம்பிக் கூண்டு.)

ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற கார் என்றுதான் பொருள். ஆரம்பத்தில் நிஜமாகவே அப்படித்தான் ஓட்டினார்கள். 1990-க்குள் வெளியே தெரியும் உருவம் மட்டுமே கடைக் கார், உள்ளே முழுக்க இரும்புக் குழாய்ச் சட்டகமும் பெரிய வி8 எஞ்சினும். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழையவேண்டும். வேகம் காட்டும் மானி கிடையாது. ஃபார்முலா 1-ல் ரேஸ் நடக்கும்போதே காரிலிருக்கும் நூற்றுக்கணக்கான சென்சார்கள் பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் அணி வேலை செய்யும் இடத்துக்கு, தகவல் அனுப்புகின்றன. இங்கே, அந்தக் காலத்தில், குரூ சீஃபிடம் இருந்தது ஒரு ஸ்டாப்வாட்ச், கழற்றிப் போட்ட டயர்கள், டிரைவரின் வாய்வார்த்தை. அவ்வளவுதான். டிரைவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தக் கார் ஊமை.

அந்த வார்த்தைகளில் முக்கியமானவை இரண்டு. டைட், லூஸ். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்பாமல் மூக்கு சுவரை நோக்கியே போனால் டைட். பின்பக்கம் நழுவி, வண்டி தன்னையே சுற்றப் பார்த்தால் லூஸ். பிட்டில் ஒருவர் நீளமான திருகியைப் பின்கண்ணாடி வழியாகச் செருகித் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை விழவேண்டும் என்பதை மாற்றுகிறார். முன்வலது, பின்இடது என்று குறுக்காக விழும் எடையைக் கூட்டினால் வண்டி டைட்டாகும், குறைத்தால் லூஸாகும். எந்தப் பக்கம் திருகுவது என்பதை முடிவு செய்ய, உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோலுக்கு அந்த ஒரு வார்த்தைதான் இல்லை.

அதற்குப் பிறகு ஹாரி பாடம் நடத்துகிறார். ஐம்பது சுற்று உன் இஷ்டத்துக்கு ஓட்டு, அப்புறம் ஐம்பது சுற்று நான் சொல்கிறபடி ஓட்டு. இரண்டையும் ஒப்பிட்டால், அடித்து ஓட்டியதில் டயர் உருகி நேரமும் போயிருக்கிறது, பதமாக ஓட்டியதில் டயரும் மிச்சம், நேரமும் மிச்சம். இது கற்பனை இல்லை. ஹாரி ஹைட் என்ற நிஜக் குரூ சீஃப், டிம் ரிச்மண்ட் என்ற டிரைவரோடு இப்படி ஒரு சோதனை ஓட்டம் நடத்தியிருக்கிறார். கோலைப் போலவே ரிச்மண்டும் சக்கரங்கள் வெளியே தெரியும் ஓபன்-வீல் ரேஸ் பக்கமிருந்து வந்தவர். 1986-ல் இருவரும் சேர்ந்த புதிதில் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போனதும் அந்த வருஷமே 7 ரேஸ்களில் ஜெயித்தார்கள்.

படம் சொல்லாமல் விட்ட பாதி இதற்குப் பிறகுதான். அந்த வருஷக் கடைசியில் ரிச்மண்ட் நோயில் விழுந்தார். 1987 நடுவில் திரும்பி வந்து முதல் இரண்டு ரேஸ்களையும் அடுத்தடுத்து ஜெயித்தார். 1989 ஆகஸ்டில், படம் வெளிவருவதற்குப் பத்து மாதம் முன்னால், எய்ட்ஸால் இறந்துபோனார். வயது 34. எய்ட்ஸ் என்றாலே ஊர் ஒதுங்கி நின்ற காலம் அது. இது தெரிந்தபின் படத்தைப் பார்த்தால், கோல் ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நிஜம் இன்னும் பல இடங்களில் உள்ளே கலந்திருக்கிறது. கோலும் அவனுடைய போட்டி டிரைவரான ரவுடி பர்ன்ஸும் மாறி மாறி இடித்துக்கொண்டு, ரேஸ் தலைவரிடம் திட்டு வாங்குவது, டேல் எர்ன்ஹார்ட், ஜெஃப் போடைன் என்ற நிஜ டிரைவர்கள் 1980-களில் செய்து, நாஸ்கார் தலைவர் பில் ஃபிரான்ஸ் ஜூனியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. படத்துக்குக் கார்களைக் கொடுத்தது ரிக் ஹெண்ட்ரிக்கின் நாஸ்கார் அணி. 1989-ல் ஃபீனிக்ஸ் ரேஸில் படத்துக்கான ஒரு காரை பாபி ஹாமில்டன் என்ற டிரைவர் ஓட்டினார். காட்சி எடுக்கத்தான் அனுப்பினார்கள், அவரோ ஐந்தாம் இடத்திலிருந்து புறப்பட்டு, எஞ்சின் போவதற்குள் சில சுற்றுகள் முன்னணியிலேயே ஓடிவிட்டார்! ஹாரி சொல்லும் "உரசல்தான் ரேஸ்" என்ற வரியை இன்றும் நிஜ ரேஸ்களின் வர்ணனையில் கேட்கலாம்.

காதல் காட்சிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றைத் தாண்டிவிடுவேன்.

(திரையில்: ரேஸ் முடிந்த டிராக். ஆரவாரம் தூரத்தில்.)

இனிமேல் பார்ப்பவர்கள் கியரை எண்ணாதீர்கள், ரேடியோவைக் கேளுங்கள். முதல் பாதியில் ஹாரி மட்டுமே பேசுவார், பையன் கத்துவான். போகப்போக அவனும் சொல்லத் தொடங்குவான், வாக்கியங்கள் சின்னதாகிக்கொண்டே வரும். கடைசியில் ஜெயித்துவிட்டு வந்து பார்க்கிறான், கூட்டத்தை விட்டு ஹாரி தனியாக உட்கார்ந்திருக்கிறார். படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த மனிதருக்கு அப்போது வார்த்தை வரவில்லை. இரண்டு பேரும் எழுந்து, ரேடியோ இல்லாமல், கார் இல்லாமல், யார் முந்துவது என்று கால்நடையாக ஓடத் தொடங்குகிறார்கள்.