கருமருந்து ரிவால்வரில் விழுந்துபோன முன்குறி: புதிதாகச் செய்து பொருத்துவது எப்படி?

[திரையில்: எண்கோணக் குழல் நுனி, நெருக்கத்தில். மேல் பட்டையில் சிறு துளை, உள்ளே கறுப்புக் கசடு.]

வணக்கம். இந்தத் துளையில் ஒரு பித்தளை முள் இருந்திருக்க வேண்டும். அதுதான் முன்குறி. இது அமெரிக்க கோல்ட் நிறுவனத்தின் 1851 மாடல் நேவி ரிவால்வருக்கு இத்தாலியில் செய்த நகல். ஏழரை அங்குலக் குழல், .36 காலிபர் (குழலின் உள்விட்ட அளவு). 1959-ல் ஊபெர்ட்டி நிறுவனம் இந்த மாடலில்தான் தன் தொழிலைத் தொடங்கியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கருமருந்து, அதாவது பழைய காலத்துக் கறுப்பு வெடிமருந்து, போட்டுச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் கையில் இதை நிறையவே பார்க்கலாம்.

முள் ஏன் விழுகிறது? திருகு கிடையாது, மரை கிடையாது. துளையில் இறுக்கி அடித்ததோடு சரி. ஒவ்வொரு வெடிக்கும் அதிர்கிறது, தோல் உறையில் உரசுகிறது. கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கழுவும்போது விடுபட்டால் துளை உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பிடி தளர்ந்த முள் ஒருநாள் புல்லில் விழுந்துவிடும்.

அது போனதில் ஒரு நன்மையும் இருக்கிறது. இந்த ரிவால்வர்கள் பெரும்பாலும் 25 மீட்டரில் குறிக்கு மேலேதான் அடிக்கும், ஏனென்றால் முள் குட்டை. அதனால் பழைய அளவிலேயே இன்னொன்று வாங்கிப் பொருத்தாதீர்கள். உயரமாக ஒன்றைக் கடைந்து வையுங்கள். எவ்வளவு உயரம்? ஹேமரின் தலையில் ஒரு வெட்டு இருக்கிறது அல்லவா, ஹேமரை முழுதாக இழுத்தால்தான் கண்ணுக்குத் தெரியுமே, அதுதான் பின்குறி. அங்கிருந்து முள் வரை சுமார் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் அதைப்போல் 100 மடங்கு. குண்டு 20 சென்டிமீட்டர் மேலே போனால், முள் 2 மில்லிமீட்டர் உயர வேண்டும். உங்கள் ரிவால்வரில் அளந்து கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் இன்னொரு மில்லிமீட்டர் சேர்த்தே செய்யுங்கள். கூடுதலை அரத்தால் குறைக்கலாம், குறைந்ததை வளர்க்க முடியாது.

[திரையில்: ஆப்பு வெளியே வருகிறது. குழலும் சிலிண்டரும் தனித்தனியே.]

வேலைக்கு வருவோம். முதலில் சிலிண்டரில் மருந்தோ குண்டோ, நிப்பிள்களில் (சிலிண்டரின் பின்பக்கச் சிறு முனைகளில்) கேப்போ (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியோ) இல்லை என்று பாருங்கள். அப்புறம் குழலைப் பிடித்துவைத்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியாக வந்துவிடும். கோல்ட்டின் இந்த அமைப்பு நமக்கு பெரிய வசதி. துளையில் இருக்கும் கசடை ஊசியால் கிளறி, அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். விட்டத்தை அறிய டிரில் பிட்களின் வால் பக்கத்தை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். ஆடாமல் எது நிற்கிறதோ அதுதான் அளவு. ஆழத்தை வெர்னியரால் எடுங்கள். துளையை ஆழப்படுத்தும் எண்ணமே வேண்டாம். அதன் அடியில் இருக்கும் இரும்பு மெல்லியது, அதற்குக் கீழே குண்டு ஓடும் பாதை.

துளையைவிடத் தடிமனான பித்தளைக் கம்பியை லேத்தில் பிடித்து, அடிவாலை மட்டும் துளை அளவுக்குக் கடையுங்கள். லேத் இல்லையென்றால் டிரில்லிங் மெஷினின் வாயில் கம்பியை மாட்டிச் சுழலவிட்டு அரத்தைக் காட்டினாலும் போதும். வால், துளையின் ஆழத்தைவிட ஒரு மயிரிழை குட்டையாக இருக்கட்டும். அப்போதுதான் மேலே உள்ள தடித்த பகுதி குழலின் தட்டைப் பட்டையில் சரியாக உட்காரும். வாலின் நுனி விளிம்பை லேசாகச் சரித்துவிட்டு, குழலை மரக்கட்டை மேல் வைத்து, மரச்சுத்தியால் தட்டி இறக்குங்கள். துளை தேய்ந்து அகன்றிருந்தால் லாக்டைட் போன்ற பிடிப்புத் திரவத்தில் ஒரு துளி போதும், அல்லது ஈயப்பற்று (சால்டர்) வைக்கலாம். வெள்ளிப்பற்று மட்டும் வேண்டாம். அதற்குத் தேவையான சூட்டில் குழலின் நீலப்பூச்சு கெட்டுவிடும்.

கையில் இருப்பது 19-ஆம் நூற்றாண்டின் அசல் துப்பாக்கி என்றால் துளையை அகலப்படுத்துவதும் கூடாது. பின்னால் கழற்ற முடிகிற வேலையை மட்டும் செய்யுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

[திரையில்: சுடுதளம். மணல்மூட்டை மேல் ரிவால்வர்.]

சுடுதளத்தில், வழக்கமாகப் போடும் அதே அளவு மருந்து, அதே குண்டு. ஐந்து குண்டு சுட்டு, அவை சேர்ந்து விழுந்த இடத்தின் நடுவைப் பாருங்கள். இப்போது குறிக்குக் கீழே அடிக்க வேண்டும். நாம் எதிர்பார்த்ததும் அதுதான். குழல்வாயைத் துணியால் அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, முள்ளின் உச்சியை அரத்தால் தேய்க்கத் தொடங்குங்கள். நம் கணக்குப்படி 0.1 மில்லிமீட்டர் தேய்த்தால் குண்டு 1 சென்டிமீட்டர் மேலே ஏறும். இரண்டு இழுப்பு, துணியை எடுத்துவிட்டு மறுபடி ஐந்து குண்டு. அவசரப்பட்டால் எல்லாம் முதலிலிருந்து.

குண்டு இடப்பக்கம் விலகினால் முள்ளின் வலப்பக்கத்தைத் தேயுங்கள். வலப்பக்கம் விலகினால் இடப்பக்கத்தை. முள் ரொம்ப ஒல்லியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் பித்தளை பளபளத்துக் கண்ணைக் கூசினால், முள்ளின் பின்பக்கத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவிடுங்கள். மருந்து ஏற்றாத ரிவால்வராக, மருந்து மேசையிலிருந்து நன்றாகத் தள்ளி.