வயிறா, மனசாட்சியா?

நடுவர் அவர்களே, வணக்கம். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களை நடத்தியது வயிறா, மனசாட்சியா? எதிரணி நண்பர் ‘பசி வந்தால் பத்தும் பறக்கும்’ என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்கிவிட்டார். சரி, பறந்ததா என்று பார்ப்போம்.

அந்த ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. அந்த மாநிலங்கள் பிரிந்து போரிட, அமெரிக்க அதிபர் லிங்கனின் கடற்படை அவற்றின் துறைமுகங்களை அடைத்ததும் பஞ்சு வரத்து நின்று, ஆலை மூடி, 1862 கடைசியில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் நிவாரணத்தில் உயிர் வாழ்ந்தார்கள். ஓடிய சில ஆலைகளுக்கும் வந்தது நம்ம ஊர் சூரத் பஞ்சு. இழை குட்டை, நூல் அறுந்துகொண்டே இருக்கும், செய்த வேலைக்குத்தான் கூலி என்பதால் அதுவும் குறையும். ‘ஆண்டவரே, பஞ்சு அனுப்பும், சூரத் மட்டும் வேண்டாம்’ என்று ஜெபித்ததாகவே ஒரு கதை உண்டு!

வயிறு மட்டும் பேசியிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? போர்க்கப்பலை அனுப்பி முற்றுகையை உடை என்றுதானே? அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள், தொழிலாளர்களிலேயே இருந்தார்கள், நான் மறைக்கவில்லை. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பிர்கன்ஹெட்டில் அந்தத் தென்மாநிலங்களுக்காக அலபாமா என்ற போர்க்கப்பலையே கட்டிக் கொடுத்தார்கள்.

ஆனால் 1862 டிசம்பர் 31 அன்று, அடிமை விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வர ஒரு ராத்திரி பாக்கி இருக்கும்போது, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் கூடிய தொழிலாளர்கள் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். பஞ்சு கேட்டு அல்ல. அடிமைத்தனத்தை முழுசாக ஒழித்துவிடுங்கள் என்று. ஜனவரி 19 அன்று லிங்கன் அதை உன்னத வீரம் என்று போற்றிப் பதில் எழுதினார். ‘அரசியல்வாதியின் முகஸ்துதி’ என்கிறார் நண்பர். இருக்கட்டுமே! முதல் கடிதம் யார் எழுதியது?

அப்புறம் அவருடைய துருப்புச்சீட்டு, 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜில் நடந்த ரொட்டிக் கலவரம். நடந்தது உண்மை, கடைகள் சூறையாடப்பட்டதும் உண்மை. எதற்காக? நிவாரணக் குழு உதவியைக் குறைத்து, காசுக்குப் பதில் மளிகைக் கடைச் சீட்டைக் கையில் திணித்ததற்காக. உள்ளூர்க் குழு மேல் வந்த கோபம் அது. முற்றுகையை உடை, பஞ்சு கொண்டுவா என்று அந்தக் கூட்டம் கேட்டதாக நண்பர் ஒரு வரியாவது காட்டினாரா? அடுத்த சுற்றில் காட்டட்டும், நான் உட்காருகிறேன்.