கடன் வாங்கியது யார்?

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம்.

"அமெரிக்கக் கால்பந்தில், சம்பள உச்சவரம்புக்குள் நின்று ஜெயிக்க, மூத்த வீரர்களை வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா?" இதுதான் தலைப்பு. வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார். "முப்பத்தஞ்சு வயசு ஆட்டக்காரர் பழைய அம்பாசடர் கார் மாதிரி. ஓட்டம் குறைஞ்சு போச்சு, செலவு மட்டும் மாசாமாசம் வருது." அரங்கமே கைதட்டியது. தட்ட வேண்டிய பேச்சுதான். ஆனால் தம்பி, அந்தச் செலவு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டீர்களே!

நான் சொல்கிறேன். ஓர் அணி தன் வீரர்களுக்கு ஒரு வருஷத்தில் செலவிடக்கூடிய எல்லைதான் உச்சவரம்பு. 1994இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அதைக் கொண்டுவந்தபோது ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர். 2025இல் 27.92 கோடி. இதற்குள் 53 பேரை அடக்க வேண்டும். ஒரு வீரரின் இந்த வருஷச் சம்பளம் 1.5 கோடி, ஒப்பந்தத்தில் இந்த வருஷத்தையும் சேர்த்து நாலு வருஷம் பாக்கி என்று வையுங்கள். மார்ச் வந்ததும் அணி அலுவலகம் அதில் 1.2 கோடியை எடுத்து போனஸ் என்று பெயர் மாற்றும். வீரருக்கு ஒரு டாலர் குறையாது. உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அது வருஷத்துக்கு 30 லட்சமாகப் பிரியும். ஐந்து வருஷம் வரை இப்படிப் பிரிக்கலாம். வருஷம் போதவில்லையா, அவர் ஆடவே போகாத வருஷங்களை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிக்கொள்வார்கள். ஆக இந்த வருஷம் 90 லட்சம் மிச்சம். அந்த இடத்தில் இன்னொருவரை வாங்கியாகிவிட்டது. அடுத்த மார்ச்சில் இதே மூத்தவரை அனுப்பினால், தள்ளிவைத்த 90 லட்சமும் மொத்தமாக வந்து கணக்கில் விழும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள்.

"ஜூன் 1-க்குப் பிறகு விட்டதாகக் குறித்துக்கொள்ளலாமே" என்றும் தம்பி கேட்டார். குறிக்கலாம், வருஷத்துக்கு இரண்டு பேருக்கு. அப்போது 30 லட்சம் இந்த வருஷம், 60 லட்சம் அடுத்த வருஷம். ஆனால் மிச்சமாகிற இடம் ஜூன் 2-ல்தான் கைக்கு வரும். நல்ல ஆட்டக்காரர்கள் மார்ச்சிலேயே விலை போயிருப்பார்களே! மிச்சத்தை வைத்து யாரை வாங்குவீர்கள்?

காரை அடமானம் வைத்து இன்னொரு கார் வாங்கியவர் முதலாளி. தவணை நாள் வந்ததும் "கார் பழசு" என்றால், தம்பி, கடன் வாங்கியது கார்தானா?

மூத்தவருக்குக் கொட்டிய பணம் வீண் என்பதற்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனைக் காட்டினீர்கள். 2024இல் டென்வர் அவரை விடுவித்தபோது இரண்டு வருஷக் கணக்கில் 8.5 கோடி விழுந்தது, உண்மை. அந்த 24.5 கோடி ஒப்பந்தத்தை எப்போது கொடுத்தார்கள்? 2022 செப்டம்பரில், அவர் டென்வருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால்! அது வயசு செய்த தப்பில்லை, அவசரம் செய்த தப்பு. டைரீக் ஹில்லை விற்றுவிட்டு கேன்சஸ் சிட்டி, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை இரண்டு முறை ஜெயித்ததையும் சொன்னீர்கள். ஹில்லுக்கு அப்போது 28 வயசு. விற்காமல் வைத்துக்கொண்ட டிராவிஸ் கெல்சிக்கு அந்த இரண்டு கோப்பையின்போதும் 33, 34. உங்கள் உதாரணம் எங்கள் பக்கம்தான் வந்து உட்காருகிறது.

இனி இன்னொரு குவார்ட்டர்பேக், பேய்ட்டன் மேனிங் கதை. பாதி தெரிந்திருக்கும், மீதியையும் கேளுங்கள்.

இண்டியானாபொலிஸ் அணிக்குப் பதினாலு வருஷம். கழுத்து அறுவைச் சிகிச்சையால் 2011 முழுக்க ஆடவில்லை. 2012 மார்ச் 8 அன்று அவருக்கு 2.8 கோடி போனஸ் கட்ட வேண்டும். 7ஆம் தேதி அனுப்பிவிட்டார்கள். மேடையில் அவரும் அழுதார், முதலாளியும் அழுதார்.

டென்வர் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. 2012க்கு 1.8 கோடி உறுதி. அடுத்த இரண்டு வருஷத்தின் 4 கோடி, கழுத்து பரிசோதனையில் தேறினால்தான். மூத்தவரை எடுக்கும் முறை இதுதான்: பயத்தை ஒப்பந்தத்தில் எழுது, ஆளை விடாதே. தேறினார். 2013இல் அவர் எறிந்த பந்தில் 55 டச்டவுன், அதாவது எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுத்த புள்ளிகள்; மொத்தம் 5,477 யார்டு. ஒரே சீசனில் அதற்குமுன் யாரும் எட்டாத கணக்கு.

இப்போது 2015. தம்பி எழுந்து "ஒன்பது டச்டவுன், பதினேழு இன்டர்செப்ஷன்" என்பார். நானே சொல்லிவிடுகிறேன். நவம்பரில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 20 எறிந்து 5 மட்டும் தன் ஆளிடம் சேர்ந்தது, நாலு பந்து எதிரி கைக்குப் போனது, அதுதான் இன்டர்செப்ஷன். வாழ்நாள் யார்டு சாதனையை முறியடித்த அதே ஆட்டத்தில் பெஞ்சுக்கு அனுப்பப்பட்டார். காலில் காயம். அவர் இடத்தில் இளைஞர் ஆஸ்வைலர் ஏழு ஆட்டங்களில் முதலில் இறங்கினார்.

கடைசி லீக் ஆட்டம், சான் டியேகோவுக்கு எதிராக. அதில் ஜெயித்தால்தான் பிளே-ஆஃப் முழுக்க சொந்த மைதானம் என்று உறுதி. டென்வர் பந்தை ஐந்து தடவை பறிகொடுத்து 7-13 என்று பின்தங்கி நிற்கிறது. பயிற்சியாளர் கூபியாக் பெஞ்சைப் பார்க்கிறார். யார் எழுந்தது? சபையோரே, யார் எழுந்தது? அம்பாசடர்! ஒன்பது எறிந்தார், ஐந்து சேர்ந்தது, மொத்தம் 69 யார்டு. மறுபடி சொல்கிறேன், 69தான். ஆனால் எதிரியின் தடுப்பைப் படித்து, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று, ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே நின்று மாற்றிச் சொன்னார். ஓட்டக்காரர்கள் ஓடினார்கள். 27-20. அந்த 69 யார்டுக்கு ஸ்கோர் பலகையில் விலை கிடையாது. டென்வருக்கு அது சொந்த மைதானம் கொடுத்தது, அங்கிருந்து சூப்பர் பௌல்.

அந்தச் சீசனுக்கு முன்பே சம்பளத்தை 1.9 கோடியிலிருந்து 1.5 கோடியாகக் குறைத்துக்கொண்டவர் அவர். லீக்கின் ஒரு பாதியான ஏ.எஃப்.சி.யின் பட்டம் வென்றால் 20 லட்சம், சூப்பர் பௌல் வென்றால் இன்னொரு 20 லட்சம். நாற்பது லட்சத்தையும் ஆடியே வாங்கினார், 39 வயசில்.

"அந்த சூப்பர் பௌலைத் தடுப்பாட்டம்தானே ஜெயித்தது?" ஆமாம். அதில் எதிரணியான கரோலைனாவின் குவார்ட்டர்பேக்கை இரண்டு முறை சாய்த்த டிமார்கஸ் வேர் யார் தெரியுமா? 2014இல் டல்லாஸ் உச்சவரம்புக்காகக் கழற்றிவிட்டவர். வயசு 33.

பெரிய பெயர்களை விடுங்கள். 2024 கணக்கில் ஏழு வருஷத்துக்கு மேல் ஆடியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 12.1 லட்சம். ஒரு வருஷ ஒப்பந்தம் என்றால் அணியின் கணக்கில் 9.85 லட்சம்தான் ஏறும், மீதியை லீக் ஏற்கும். மூத்தவரை வைத்துக்கொள்ள விதியே கை கொடுக்கிறது!

ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. நாலு வருஷம் முடித்தவர் முதல் வார ஆட்டத்தன்று அணிப் பட்டியலில் இருந்தால், பிறகு அனுப்பினாலும் அந்தச் சீசன் சம்பளத்தை அவர் கேட்கலாம். வாழ்நாளில் ஒரு முறை. அதனால் என்ன நடக்கிறது? முதல் ஆட்டத்துக்கு முன் அனுப்பி, அடுத்த வாரம் கூப்பிடுகிறார்கள். நடுவில் ஒரு வாரம். பிள்ளைகளைப் புது ஊர்ப் பள்ளியில் சேர்த்தாயிற்று. வாடகைக்கு வீடு பிடித்தாயிற்று. "அப்பா, ஞாயித்துக்கிழமை ஆடுறியா?" என்று கேட்கும் குழந்தைக்கு அவர் என்ன சொல்வார்? பத்து வருஷம் முட்டியைத் தேய்த்தவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். கூப்பிட்டால் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வருகிறார். வந்து, தன் இடத்தைப் பிடிக்க நிற்கும் இருபத்திரண்டு வயசுப் பையனுக்குக் கால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்.

அவருக்காகத்தான் இங்கே நிற்கிறேன். தீர்ப்பை அவர் பக்கம் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.